முறி சோதனை வேணாம், மீறு சோதனைன்னு வைக்கலாமே

சார் வணக்கம். தசை பலம் அளக்குற சோதனைகளுக்கு நீங்க போட்ட தமிழ்ச் சொல் பட்டியலப் பாத்தேன். அதுல பலத்த அளக்குற கருவியான டைனமோமீட்டருக்கு விசைமானி, கையில புடிச்சு அளக்குறதுக்கு கையடக்க விசைமானி, ரெண்டும் சரியா வந்திருக்கு. அத கைவிசைமானின்னு மட்டும் சுருக்கிட வேணாம், கைப்பிடி பலம் பாக்குற கருவின்னு நெனச்சுப்பாங்க, அது வேற.

எனக்கு இடிக்கிறது பிரேக் டெஸ்டுக்கு போட்ட முறி சோதனைதான். கும்பகோணத்துல பிசியோதெரபி பாக்குறேன், எங்கிட்ட வர்ற வயசானவங்கள்ல நெறைய பேரு கீழ விழுந்து தொடையெலும்பு முறிஞ்சு ஆபரேஷன் ஆனவங்க, அவங்க காதுல முறின்னு விழுந்தா அந்த காலை அசைக்கவே பயப்படுவாங்க. அந்த டெஸ்ட்ல அவங்க காலை அப்படியே நிறுத்தி வைக்கணும், நாம விசைமானிய வச்சு அழுத்தி அவங்க பலத்த மீறிப் போறோம், அதனால மீறு சோதனை. மேக் டெஸ்ட்ல நாம கருவிய ஆடாம புடிச்சுக்குவோம், அவங்க மெல்ல பலத்த கூட்டி ஒரு 5 செகண்டு தம் கட்டாம முழுசா தள்ளணும், அதுக்கு உந்து சோதனை. பட்டியல்ல இருக்க செய் சோதனைன்னா ஒண்ணும் புரியாது.

ரெண்டுக்கும் பேரு தெளிவா பிரியணும் சார், ஏன்னா அதே காலுக்கு மீறு சோதனையில நியூட்டன் பொதுவா கூடத்தான் காட்டும், போன மாசம் உந்து இந்த மாசம் மீறுன்னு பாத்துட்டு பலம் ஏறிடுச்சுன்னு எழுதுனா அது பொய்க்கணக்கு. கருவிய எங்க வச்சோம்னும் எழுதணும். கணுக்காலுக்கு மேல, இடுப்பு மூட்டுலேர்ந்து 0.8 மீட்டர்ல 100 நியூட்டன்னா டார்க், அதாவது விசையையும் தூரத்தையும் பெருக்கினது, 80 நியூட்டன் மீட்டர், அதே பலம் முட்டிகிட்ட 0.4 மீட்டர்ல வச்சா 200 நியூட்டன் காட்டும், அத்தன விசைய கையால தாங்குறது கஷ்டம், நம்ம கை தளர்ந்தா அளவும் கொறஞ்சிடும். அதுக்குத்தான் கருவிய பெல்ட் போட்டு கட்டுறது. டார்க்குக்கு ஸ்கூல் புக்குல இருக்க திருப்பு விசையே போதும், புதுசா எதுக்கு.

வெறும் கையால அழுத்திப் பாத்து 0 முதல் 5 வரைக்கும் போடுற கிரேடு இருக்கே, அதுல 4ங்கறது ரொம்ப அகலமான படி, அதுக்குள்ள ஏறினதும் எறங்கினதும் தெரியவே தெரியாது. நடவுக்கு போற அம்மா ஒருத்தவங்க, காலை பக்கவாட்டுல தூக்குற இடுப்பு தசைக்கு ரெண்டு பக்கமும் 4தான், ஆனா சேத்து வரப்புல ஒரு பக்கம் சாயுறாங்க. ஒருக்களிச்சு படுக்க வச்சு காலை தூக்க சொன்னா பாதம் மெல்ல மேல பாத்து திரும்புது, தொடை முன்பக்க தசை அந்த இடுப்பு தசையோட வேலைய வாங்கிக்குது. பாதம் நேரா இருக்கும்போது எடுத்த அளவுதான் அளவு.

அந்த மாதிரி காலை வெளிப்பக்கமா விலக்குற தசை, அப்டக்டர், அதுக்கு புறவிலக்குத் தசைன்னு போட்டிருக்கீங்க. நாங்க டேபிள்ல சொல்றது "காலை அகட்டுங்கம்மா"ன்னுதான், அகட்டுதசைன்னே வைக்கலாம் சார். காலை உள்பக்கமா சேக்குற அடக்டருக்கு சேர்தசைன்னு தோணுது, ஒடுக்குதசைன்னா தசை சூம்பிப் போனமாதிரி கேக்குது. மத்தவங்களும் சொல்லுங்க.