காலரா ஆய்வாளர் சம்பு நாத் டேயின் கட்டுரையை முதன்முதலில் எங்கே படித்தீர்கள்?

நுண்ணுயிரியல் ஆசிரியை, மதுரை:

எம்.டி. இரண்டாம் ஆண்டில் காலரா பற்றி செமினார் எடுக்கச் சொன்னார்கள். பாடப்புத்தகத்தில் ‘முயல் குடல் சோதனை’ என்று ஒரே ஒரு வரி. அது போதவில்லை. நூலகத்தில் கீழ்த்தட்டிலிருந்து 1959ஆம் ஆண்டு ‘நேச்சர்’ அறிவியல் இதழின் பைண்டு வால்யூமை இழுத்தேன். கைநிறையத் தூசி. 1533ஆம் பக்கத்தில் தொடங்கி அடுத்த பக்கத்திலேயே முடிந்துவிட்டது. மேலே ஒரே ஒரு பெயர்: எஸ். என். டே, கல்கத்தா.

நின்றபடியே படித்தேன். 1953இலேயே அவரும் சாட்டர்ஜி என்ற சக ஆய்வாளரும் முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, உள்ளே காலராக் கிருமியைச் செலுத்திப் பார்த்திருந்தார்கள். மறுநாள் அந்தத் துண்டு மட்டும் நீர் கோத்து உப்பியிருந்தது. 1959இல் டே கிருமிகளை வடிகட்டி நீக்கிவிட்டு, அவை வளர்ந்த திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது. கிருமி வெளியே விடும் நச்சுதான் குடலிலிருந்து நீரை இறைக்கிறது என்பது உறுதியானது. 1884இல் அதே கல்கத்தாவில் ராபர்ட் கோக் காலராவை ஆராய்ந்த காலத்திலிருந்தே அந்த நச்சின் மேல் சந்தேகம் இருந்தது. எழுபத்தைந்து வருடச் சந்தேகத்துக்கு இரண்டு பக்கத்தில் விடை!

அந்தக் கட்டுரையைத் தொடக்கத்தில் அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. சைட்டேஷன், அதாவது மற்ற கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டிய எண்ணிக்கை, பின்னால்தான் பெருகியது. டே 1985இல் காலமானார். மேற்கோள் அட்டவணையைத் தொடங்கிய யூஜீன் கார்ஃபீல்டு, காலரா ஆய்வில் டேயின் தாக்கத்தைக் கணக்கெடுத்து எழுதியது 1986இல். ஒரு வருடம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

உயிர்வேதியியல் ஆய்வாளர், சென்னை:

மேடம், படித்ததும் என் நேர்காணல்தான் நினைவுக்கு வந்தது. பதவி உயர்வுக்குப் போயிருந்தேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, “எச்-இண்டெக்ஸ் எவ்வளவு?” ஆறு என்றேன். அதாவது, குறைந்தது ஆறு முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் எனக்கு ஆறு இருந்தன. ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் சொன்ன கணக்கு இது. அந்த ஆறு கட்டுரைகளில் என்ன இருக்கிறது என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை. நான்கு வருடம் எலிகளோடு கிடந்த வேலை அது. வெளியே வந்து படிக்கட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் அதிகமுறை மேற்கோள் காட்டியது லோரியின் 1951ஆம் ஆண்டுக் கட்டுரையை. புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறை. செம்புக் கரைசலை ஊற்றி, ஃபோலின் என்ற வேதிக் கரைசலைச் சேர்த்து, அரை மணி நேரம் வைத்தால் நீலம் ஏறும். புரதம் கூடக் கூட நீலமும் கூடும். எங்கள் லேபில் நீலக்கறை இல்லாத மேசையே கிடையாது. அந்தக் கட்டுரைக்கு 3 லட்சத்துக்கும் மேல் சைட்டேஷன். தினமும் கைக்கு உதவுகிற முறை, எல்லோரும் காட்டுகிறோம். அதற்கு அந்த மரியாதை தகும். ஆனால் அந்த எண்ணை டேயின் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து யார் பெரியவர் என்று கேட்டால், எனக்குக் கோபம் வருகிறது.

மருத்துவக் கல்லூரி நூலகர், கோவை:

நான் டேயைத் தேடிப் பார்த்தவன். பெயர் ஆங்கிலத்தில் ‘De’ என்று இரண்டே எழுத்து. ஆங்கிலத்தில் அடித்தால் டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஸ்பானியர் பெயர்களில் வரும் ‘டி’ எல்லாம் வந்து குவியும். அவருடையதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க எனக்கு ஒரு மதியம் முழுக்க ஆனது.

நம் ஆட்களுக்கும் இதே தொல்லை உண்டு. இனிஷியலை ஒரு கட்டுரையில் முன்னால் போடுவார்கள், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயரை முழுதாக விரித்து எழுதுவார்கள். கணினிக்கு அவர்கள் மூன்று பேர். சைட்டேஷனும் மூன்றாகப் பிரிந்துவிடும். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தரப்படும் ஆர்கிட் (ORCID) அடையாள எண்ணை வாங்கச் சொல்லி முதலாண்டு மாணவர்களிடமே கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

மேடம், அந்த 1959 வால்யூம் உங்கள் நூலகத்தில் இன்னும் இருக்கிறதா? பல இடங்களில் பழையதை எடைக்குப் போடுகிறார்கள்.

நுண்ணுயிரியல் ஆசிரியை, மதுரை:

இருக்கிறது சார். முதுகு பிய்ந்துவிட்டது, நானே துணி ஒட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு புது பேட்ச் வரும்போதும் அந்தப் பக்கத்தைத் திறந்து மேசையில் வைப்பேன்.