முதுகுத் தசையால் இதயத்துக்கு உதவும் அறுவை சிகிச்சை இப்போது ஏன் செய்யப்படுவதில்லை?

கேள்வி:
68 வயதான என் தந்தைக்கு இதயம் பலவீனமாகி, எக்கோ ஸ்கேனில் இஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் கீழறை வெளியேற்றும் இரத்தத்தின் பங்கு) 25 சதவீதம் என்று வந்துள்ளது. முதுகுத் தசையை இதயத்தைச் சுற்றிப் போர்த்தி, மின்தூண்டலால் துடிக்க வைக்கும் சிகிச்சையைப் பற்றிப் பழைய இதழ் ஒன்றில் படித்தேன். சொந்தத் தசையை உடல் நிராகரிக்காது. மாற்று இதயத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம். அப்படியிருந்தும் எங்கள் மருத்துவர் அதைப் பற்றிப் பேசவே இல்லையே, ஏன்?

பதில் 1:
அதற்குக் கார்டியோமயோபிளாஸ்டி என்று பெயர். 1985-இல் பாரிஸில் இதய அறுவை மருத்துவர் அலென் கார்ப்பந்தியேயின் குழு இதை மனிதருக்கு வெற்றிகரமாகச் செய்தது. அக்குளின் பின்புறம் கையால் பிடித்துப் பார்க்கக்கூடிய லாட்டிசிமஸ் டார்சை என்னும் அகன்ற தசையை, அதன் நரம்பும் இரத்தக்குழாயும் அறுபடாமல் முதுகிலிருந்து பெயர்த்து, விலா எலும்பில் ஒரு துண்டை நீக்கி உண்டாக்கிய வழியே மார்புக்குள் கொண்டுபோய், இதயத்தின் கீழறைகளைச் சுற்றிப் போர்த்துவார்கள். பேஸ்மேக்கர் போன்ற கருவி, இதயம் சுருங்கும்போது அத்தசையையும் சுருங்கச் செய்யும்.

பதில் 2:
சிக்கல் அந்தத் தசையின் இயல்பிலேயே இருந்தது. கோழியின் வெளிறிய நெஞ்சுக்கறியையும் கருத்த தொடைக்கறியையும் ஒப்பிட்டால் இது விளங்கும்: முன்னது வேகமாக இயங்கிச் சீக்கிரம் களைத்துவிடும், பின்னது நெடுநேரம் தாங்கும். முதுகுத் தசையில் வேகமான இழைகள் நிறைய உண்டு. ஆகவே அறுவைக்குப் பின் இரண்டு வாரம் அதை ஆறவிட்டு, பிறகு பல வாரங்கள் சிறுகச் சிறுகத் தூண்டி, களைக்காத தசையாகப் பழக்கினார்கள். பழகிய தசை களைக்கவில்லை, ஆனால் வேகமும் வலிமையும் குறைந்தன. சிலருக்கு அது நாளடைவில் நாராகவும் கொழுப்பாகவும் மாறிப்போனது. உதவி மிக அவசரமாகத் தேவைப்பட்ட கடைநிலை நோயாளிகளால்தான் அந்தக் காத்திருப்பைத் தாங்க முடியவில்லை என்பது இதில் பெரிய முரண்.

பதில் 3:
மூச்சுத்திணறல் குறைந்ததாகப் பலர் கூறினாலும், இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு பெரிதாகக் கூடவில்லை. ஆயுள் நீள்வதும் நிரூபணமாகவில்லை. தசை பம்பாக வேலை செய்ததைவிட, இதயம் மேலும் வீங்காமல் கச்சைபோல் பிடித்துக்கொண்டதே முக்கியப் பலன் என்று பலர் கருதினார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. அதற்குள் நல்ல மருந்துகளும், இதயத்தின் இரு கீழறைகளையும் ஒத்திசைந்து துடிக்க வைக்கும் சிஆர்டி பேஸ்மேக்கரும், இடது கீழறைக்கு உதவியாக இரத்தத்தை இறைக்கும் எல்வாட் கருவியும் வந்துவிட்டன. தந்தையின் இசிஜியில் கியூஆர்எஸ் அகலம் (மின்தூண்டல் கீழறைகளில் பரவ ஆகும் நேரம்) எவ்வளவு என்று பாருங்கள். சிஆர்டி பொருந்துமா என்பதைத் தீர்மானிப்பதில் அதற்கு முக்கியப் பங்குண்டு.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இசிஜி தாளில் 160 மில்லிசெகண்ட் என்றும், இடப்பக்கக் கிளை அடைப்பு (இதயத்தின் இடப்பக்க மின்பாதையில் தடை) என்றும் அச்சாகியிருக்கிறது. திங்கட்கிழமை மருத்துவரிடம் சிஆர்டி பற்றிக் கேட்கிறேன்.