ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ், ஆனால் உடம்பு நன்றாகவே இருக்கிறது

மேட்டூர்வாசி:
வயது 34. போன மாதம் ரத்ததானம் செய்தேன். ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ் என்று போனில் சொன்னார்கள். மஞ்சள் காமாலை வந்ததே இல்லை, பசி தூக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது. லிவர் டெஸ்டும் நார்மல். அம்மா தினமும் கீழாநெல்லியை மோரில் அரைத்துத் தருகிறார். அண்ணி தனித் தட்டு வைத்துவிட்டார். கீழாநெல்லி போதுமா?

வைகைக்கரை அக்கா:
தம்பி, எனக்கும் இதுதான். 2009இல் மகள் வயிற்றில் இருந்தபோது தெரிந்தது.

முதலில் தட்டு. சேர்ந்து சாப்பிட்டால், தொட்டால் பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவம் இவற்றால்தான். ரேசர், டூத் பிரஷ், நகவெட்டி தனியாக இருந்தால் போதும். இதை அண்ணியிடம் இன்றே சொல்லுங்கள். தனித் தட்டில் சாப்பிடுகிற வேதனை எனக்குத் தெரியும்.

நார்மல் என்று விட்டுவிடாதீர்கள். இந்தக் கிருமி கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள்ளேயே தங்கிவிடும். பல வருடம் சத்தமில்லாமல் இருந்து கல்லீரலைச் சுருக்கும், புற்றுநோயும் வரலாம். வைரல் லோடு (ரத்தத்தில் கிருமியின் அளவு), இ ஆன்டிஜென் (கிருமி வேகமாகப் பெருகுகிறதா என்று காட்டும் புரதம்), ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரல் இறுகியிருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன்) மூன்றையும் மருத்துவரிடம் கேளுங்கள். ஆறு மாதம் தாண்டியும் பாசிட்டிவ் என்றால்தான் நாள்பட்டது.

அப்புறம் அம்மா. பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் தானாகப் போய்விடும். பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளில் சுமார் 90 சதவீதம் பேருக்குத் தங்கிவிடும். உங்களுக்கும் பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம். அதனால் அம்மா, கூடப் பிறந்தவர்கள், மனைவி எல்லோருக்கும் டெஸ்ட் எடுங்கள். கிருமி இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி. என் மகளுக்குப் பிறந்த அன்றே தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் (கிருமியை எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் புரத ஊசி) போட்டார்கள். அவளுக்கு நெகட்டிவ்.

கொங்குநாட்டு லேப்:
கீழாநெல்லி பற்றி: 1988இல் சென்னை ஆய்வு ஒன்று லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, கிருமி இருப்பதைக் காட்டும் மேற்பரப்பு ஆன்டிஜென் ரத்தத்தில் மறைந்ததாகச் சொன்னார்கள். இந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் வாங்கிய புளூம்பெர்க்கும் அதில் இருந்தார். ஆனால் பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மேட்டூர்வாசி:
நன்றி அக்கா. அம்மா டெஸ்டுக்குச் சம்மதித்துவிட்டார். மாத்திரை செலவு அதிகமா?

வைகைக்கரை அக்கா:
எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. தேவைப்பட்டால், 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இலவசம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் விசாரியுங்கள். நான் டெனோஃபோவிர் சாப்பிடுகிறேன். ஆரம்பித்தால் நீங்களாக நிறுத்தக் கூடாது, கிருமி திடீரென்று பெருகிக் கல்லீரலைத் தாக்கும். அம்மா ரிசல்ட் வந்ததும் எழுதுங்கள்.