பின்வீட்டுக்காரரின் வேரியன்ஸ் ஹியரிங்கில் எதிர்த்துப் பேசினேன். தவறா?

ராரிட்டன்கரை எழுதியது:

நியூஜெர்சியில் வீடு வைத்திருப்பவர்கள் கருத்துச் சொல்லுங்கள். எங்கள் பின்வீட்டுக்காரரும் தமிழர்தான். பத்து வருடப் பழக்கம், தீபாவளிக்குப் பலகாரம் மாறிக்கொள்ளும் உறவு. வீட்டின் பின்பக்கம் தரைத்தளத்தில் ஓர் அறையும் குளியலறையும் சேர்த்துக் கட்ட, டவுன்ஷிப் ஜோனிங் போர்டில் வேரியன்ஸ் (கட்டட விதியிலிருந்து விலக்கு) கேட்டிருக்கிறார். பின்பக்கம் 30 அடி விடவேண்டும் என்பது எங்கள் பகுதியின் விதி. கட்டினால் மிஞ்சப்போவது 14 அடி. லாட் கவரேஜும், அதாவது மனையில் கட்டடமும் தளமும் மூடும் பங்கும், விதியைத் தாண்டுகிறது. சுற்றி 200 அடிக்குள் சொத்து வைத்திருக்கும் எல்லோருக்கும் சர்ட்டிஃபைட் மெயிலில் நோட்டீஸ் வந்தது. எனக்கும் வந்தது.

அவருடைய அப்பாவுக்கு மூட்டுத் தேய்மானம், மாடி ஏற முடியவில்லை. அதற்காகத்தான் இந்த அறை என்று எனக்குத் தெரியும். ஆனால் நிலம் அவர் வீட்டிலிருந்து எங்கள் பக்கம் சரிகிறது. 2021 செப்டம்பர் 1, ஐடா புயல் மழை கொட்டிய இரவில் எங்கள் பேஸ்மென்டில் முழங்கால் அளவு தண்ணீர். கரன்ட் போய், தண்ணீரை வெளியே தள்ளும் சம்ப் பம்பும் நின்றுவிட, நானும் மனைவியும் விடியும்வரை வாளியால் இறைத்தோம். அன்று அவர் வீட்டுப் புல்தரையாவது கொஞ்சம் குடித்தது. அதன்மேல் கூரையும் கான்கிரீட்டும் வந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்?

சென்ற வாரம் ஹியரிங். வலது கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்துவிட்டு, அன்று இரவு எடுத்த நான்கு படங்களைக் கொடுத்தேன். ஓ-1 என்று குறி போட்டு வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவது வரிசையில் பெரியவர் கைத்தடியை மடியில் கிடத்தியபடி உட்கார்ந்திருந்தார். என் பெயரைக் கூப்பிட்டதும் என்னைப் பார்த்துச் சிரித்தார். தனக்காகப் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். அந்த முகம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

முடிவு சொல்லாமல் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து எங்கள் வட்டத்தில் யாரும் சரியாக முகம்கொடுத்துப் பேசுவதில்லை.

கொங்குநாடன் எழுதியது:

கேட்டுவிட்டீர்கள், அதனால் நேராகவே சொல்கிறேன். தவறுதான். வயதான மனிதர் ஒருவர் படி ஏற முடியாமல் ஹாலில் சோபாவில் படுத்துக் கிடக்கிறார். அவருக்கு ஓர் அறை வேண்டும். பின்னால் 16 அடி குறைவதால் உங்களுக்கு என்ன குடி முழுகிவிடும்? பெற்றோரைக் கூட்டி வந்து வைத்துக்கொள்ள நாம் எல்லோரும் எத்தனை வருடம் விசாவுக்கும் காப்பீட்டுக்கும் அலைகிறோம்! வந்தவருக்குப் படுக்க இடம் கேட்டால் அடி, அங்குலக் கணக்கா?

இந்த ஜோனிங்கையே நான் முழுசாக நம்பவில்லை. இதே மாநிலத்தில் மவுன்ட் லாரல் ஊர் தன் ஜோனிங் விதிகளால் ஏழைகளை வெளியே நிறுத்துகிறது என்று மாநில உச்ச நீதிமன்றமே 1975-ல் தீர்ப்பு எழுதியது. பெர்னார்ட்ஸ் டவுன்ஷிப்பில் ஒரு மசூதி கட்ட 39 ஹியரிங் நடத்தி, 2015 டிசம்பரில் முடியாது என்றார்கள். தேவாலயங்களிடம் கேட்ட அளவைவிட அதிகமான பார்க்கிங் இடத்தை அவர்களிடம் கேட்டார்கள். கடைசியில் 2017-ல் ஊர் தரப்பு 32.5 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. அங்கேயும் எதிர்த்தவர்கள் பேசியது தண்ணீர், டிராஃபிக், பார்க்கிங்தான். புதிதாக வந்தவனைத் தடுக்க இந்த வார்த்தைகள் எப்போதும் தயாராக இருக்கின்றன. அவற்றை நாமே கையில் எடுக்கலாமா?

வேப்பமரத்தடி எழுதியது:

நான் வேறொரு டவுனில் நான்கு வருடம் ஜோனிங் போர்டில் மாற்று உறுப்பினராக இருந்தவள். சம்பளமில்லாத வேலை. ஏழு உறுப்பினர்கள், மாற்றாக நான்கு பேர் வரை.

கொங்குநாடன் அண்ணா, நீங்கள் சொன்ன இரண்டும் நடந்தவைதான். ஆனால் பெர்னார்ட்ஸ் வழக்கு பிளானிங் போர்டு முன்னால் வந்தது. மசூதி அந்த மண்டலத்தில் அனுமதிக்கப்பட்ட உபயோகம், அது வேரியன்ஸ் சண்டை அல்ல. வழிபாட்டுத் தலங்களுக்கென்று 2000-ல் வந்த மத்தியச் சட்டமும் அவர்களுக்குத் துணை நின்றது. இங்கே ஒரு வீட்டுக்காரர் விதியிலிருந்து விலக்குக் கேட்கிறார். விலக்குக் கேட்பவர்தான் காரணம் காட்டவேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

எங்கள் போர்டில் கண்கலங்கிப் பேசியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்பா, அம்மா, மாற்றுத்திறனாளிக் குழந்தை. கேட்கும்போது நெஞ்சு அடைக்கும். ஆனால் சட்டத்தில் கஷ்டம் என்று சொல்வது நிலத்தின் கஷ்டத்தை. மனை ஒடுக்கமாக இருக்கிறது, கோணல், ஒரு பக்கம் பாறை அல்லது சரிவு, அதனால் விதிப்படி கட்ட முடியவில்லை. இப்படிக் காட்டினால் 'சி-1' என்ற வகை வேரியன்ஸ். குடும்பம் பெரிதாகிவிட்டது, அப்பாவால் மாடி ஏற முடியவில்லை என்பது அதில் வராது. கல்நெஞ்சு என்று நினைக்காதீர்கள். வேரியன்ஸ் மனிதருக்குக் கொடுப்பதில்லை, நிலத்துக்குக் கொடுப்பது. நாளை வீட்டை விற்றாலும் அந்த 14 அடி அப்படியே இருக்கும்.

திண்ணை எழுதியது:

அக்கா சொல்வதற்கு என் வீடே சாட்சி. 2016-ல் நான் வாங்கிய வீட்டில் வேரியன்ஸில் கட்டிய பின்னறை ஒன்று இருக்கிறது. அப்போதைய உரிமையாளர் தன் அம்மாவுக்காகக் கட்டினாராம். குளியலறையில் கைப்பிடிக் கம்பிகூட அப்படியே இருக்கிறது. அந்த அம்மா காலமாகி, வீடு இரண்டு கை மாறி என்னிடம் வந்தது. இப்போது அது என் ஆபீஸ் அறை. பின்வீட்டு இத்தாலியப் பாட்டியின் தக்காளிப் பாத்திகளில் என் சுவரின் நிழல்தான் விழுகிறது. மத்தியானத்துக்கு மேல் அங்கே வெயிலே இல்லை.

கொங்குநாடன் எழுதியது:

அப்படியானால் வயதானவர் மாடிப்படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட பிறகுதான் சட்டம் கண் திறக்குமா? நிலத்துக்குக் கஷ்டம் உண்டு, மனிதருக்குக் கஷ்டம் இல்லை என்று சொல்லும் சட்டம் எனக்குப் புரியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வக்கீலுக்கும் வரைபடத்துக்கும் எஸ்க்ரோவுக்கும் (டவுன் நிபுணர்களின் செலவுக்குக் கட்டும் முன்பணம்) ஆயிரக்கணக்கில் கொட்டிவிட்டு, கடைசியில் ஒரு வாக்கில் தோற்றது. எதிர்த்தவருக்கு ஆன செலவு அந்த மாலை நேரம் மட்டும்தான். இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றி யாராவது பேசுங்கள்.

ஊரிலாவது கட்டிய பிறகு வரன்முறை என்று ஒரு வழி உண்டு.

பழைய பிளான் எழுதியது:

அந்த வழியைப் பாராட்டாதீர்கள் அண்ணா. சென்னையில் பதினைந்து வருடம் கட்டட வரைபடம் போட்டவன் நான். பக்கவாட்டில் ஓரடி விடாமல் கட்டி முடிப்பார்கள், அப்புறம் அரசு தேதி அறிவிக்கும். 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கு வரன்முறை என்று ஒரு சட்டப்பிரிவே வந்தது. விதியை மதித்து இடம் விட்டவன் ஏமாளியானான். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு 'உனக்கு என்ன பாதிப்பு' என்று எங்கேயும் யாரும் கேட்டதில்லை. இங்கே கட்டுவதற்கு முன்பே ராரிட்டன் சாரைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். இந்த வித்தியாசத்துக்காகவே ஹியரிங்குக்குப் போகவேண்டும் என்பேன்.

ஆனால் வேப்பமரத்தடி அக்கா பாதிதான் சொன்னார். 'சி-1' இல்லாவிட்டால் 'சி-2' இருக்கிறது. திட்டத்தால் வரும் பொதுநன்மை அதனால் வரும் கெடுதலைவிட அதிகம் என்று காட்டினால் கொடுக்கலாம். தண்ணீர்ப் பிரச்சினை இருக்கும் மனையில் கூரைத் தண்ணீரை டிரை வெல்லில் (மண்ணுக்குள் ஊறவிடும் குழி) இறக்கி, இன்றைக்கு ஓடுவதைவிடக் குறைவாக ஓடும்படி செய்தால் அந்த வாதம் நிற்கும். போர்டு அதை நிபந்தனையாகவே எழுதலாம். ராரிட்டன் சார், அவர்களுடைய இன்ஜினியர் தண்ணீர்க் கணக்கு ஏதாவது கொடுத்தாரா?

ராரிட்டன்கரை எழுதியது:

கொடுக்கவில்லை. நான் கேட்டேன். 'பாதிப்பு மிகக் குறைவு' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எத்தனை கன அடி, எங்கே விழும், கேட்டதற்கு எதற்கும் பதில் இல்லை. தள்ளிவைத்ததற்கு அதுதான் காரணம்.

இன்னொன்றும் கேட்டேன். சொல்லச் சங்கடமாக இருக்கிறது. வரைபடத்தில் அந்த அறையின் மூலையில் சிங்க்கும் மேடையும் இருந்தன. அது எதற்கு என்று கேட்டேன். வக்கீல் 'வெட் பார்' (அடுப்பில்லாமல், பானம் கலக்க சிங்க் வைத்த மேடை) என்றார்.

வேப்பமரத்தடி எழுதியது:

சங்கடப்படாதீர்கள், மிகச் சரியான கேள்வி. பெரியவருக்குத் தனிச் சமையல், சுத்தபத்தம் என்று நம் வீடுகளில் இயல்பாக ஆசைப்படுவோம். ஆனால் அங்கே அடுப்பு வந்து, தனி வாசலும் இருந்தால், ஒற்றைக் குடும்ப மண்டலத்தில் இரண்டாவது குடியிருப்பு என்று கணக்காகிவிடலாம். அப்போது 'சி' போதாது, நிலத்தின் உபயோகத்துக்கே விலக்குக் கேட்கும் 'டி' வேரியன்ஸ் வேண்டும். 'சி'-க்கு வந்திருப்பவர்களில் பெரும்பான்மை போதும். 'டி'-க்கு ஐந்து பேர் ஆம் சொல்லியாகவேண்டும். அன்று ஐந்து பேர்தான் வந்திருந்தால் ஒருவர் தலையாட்டாவிட்டாலும் போச்சு. இந்த ஒரு மேடையால் நல்ல விண்ணப்பங்கள் கவிழ்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். பின்வீட்டுக்காரருக்கு இதை யாராவது நல்லவிதமாக எடுத்துச் சொல்லவேண்டும்.

கொங்குநாடன் எழுதியது:

சரி, தண்ணீர் விஷயத்தில் கணக்குக் கேட்டது நியாயம் என்று ஒத்துக்கொள்கிறேன். என் கோபம் வேறு. இதையெல்லாம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவரிடமே கேட்டிருக்கலாமே? பத்து வருடப் பழக்கம் என்கிறீர்கள். ஹியரிங்குக்குக் குறைந்தது 10 நாள் முன்னால் நோட்டீஸ் வந்திருக்கும். அந்தப் பத்து நாளில் ஒருமுறையாவது அவர் வீட்டுக் கதவைத் தட்டினீர்களா? பெரியவர் உங்களைப் பார்த்துச் சிரித்ததற்குக் காரணம், நீங்கள் அவரிடம் எதுவும் சொல்லவில்லை என்பதுதான்.

ராரிட்டன்கரை எழுதியது:

தட்டவில்லை. அது என் தவறு, மறுக்க மாட்டேன். இரண்டு முறை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன், பெரியவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று திரும்பிவிட்டேன்.

திண்ணை எழுதியது:

கொங்குநாடன் அண்ணா சொன்னதை நானும் வழிமொழிகிறேன். ஆனால் ஹியரிங்கில் பேசியதும் அவசியம்தான். எங்கள் தெருவில் ஒருவர் 40 கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தார். போர்டு வக்கீல் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை. கையெழுத்துப் போட்டவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாதே. நேரில் போய், உறுதிமொழி எடுத்து, கையில் படத்தோடு பேசியவர் ஒருவர்தான். அவர் சொன்னதுதான் தீர்மானத்தில் ஏறியது. பின்னால் யாராவது 45 நாளுக்குள் சுப்பீரியர் கோர்ட்டுக்குப் போனாலும் நீதிபதி பார்ப்பது ஹியரிங்கில் பதிவானதை மட்டும்தான்.

ராரிட்டன்கரை எழுதியது:

நேற்று சாயங்காலம் போனேன். முதல் பத்து நிமிடம் அவர் பேசவே இல்லை. பெரியவர்தான் 'உள்ளே வாங்க' என்றார். அப்புறம் டேப்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனோம். அவர் ஒரு முனையை வேலியில் பிடிக்க, நான் 14 அடியில் ஒரு குச்சி நட்டேன். தாளில் பார்த்ததைவிட நெருக்கமாகத் தெரிந்தது. அவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கவேண்டும், கொஞ்ச நேரம் குச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார். அறையைப் பக்கவாட்டில், டிரைவ்வே பக்கம் திருப்பினால் பின்னால் 22 அடி வரை மிஞ்சும் போலிருக்கிறது. அந்தப் பக்கமும் செட்பேக் (எல்லையிலிருந்து விடவேண்டிய இடைவெளி) இடிக்குமா என்று அவருடைய ஆர்க்கிடெக்ட்டிடம் கேட்கப்போகிறார். மேடையை எடுத்துவிடுவதாகச் சொன்னார். டிரை வெல்லுக்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, செலவு அதிகம் என்கிறார். நான் அதை விடப்போவதில்லை என்று அவரிடமே சொல்லிவிட்டேன்.

கொங்குநாடன் எழுதியது:

போனீர்களே, அது போதும். டிரை வெல் விஷயத்தில் பெரியவர் அறை நின்றுபோகும் அளவுக்கு இழுத்துவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். 22 அடியும் விதிக்குக் குறைவுதான், நீங்கள் எதிர்த்தால் அதுவும் விழலாம்.

பழைய பிளான் எழுதியது:

ஒரு விஷயம் அவசரம். திருத்திய வரைபடமும் தண்ணீர்க் கணக்கும் ஹியரிங்குக்கு 10 நாள் முன்பே டவுன்ஷிப் கோப்பில் இருக்கவேண்டும். இன்றே ஆர்க்கிடெக்ட்டைப் பிடிக்கச் சொல்லுங்கள். தேதியை ஹியரிங்கிலேயே அறிவித்துவிட்டார்கள் என்றால் அதே விண்ணப்பத்துக்குப் புது நோட்டீஸ் வராது, காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் பக்கவாட்டில் புதிதாக ஒரு வேரியன்ஸ் தேவைப்பட்டால் கதை வேறு. மறுபடியும் எல்லோருக்கும் நோட்டீஸ் அனுப்பவேண்டி வரலாம், அதை போர்டு செயலாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடச் சொல்லுங்கள். கன அடிக் கணக்கை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.