டெர்வென்ட் எட்ஜில் ஒரு வெள்ளை முயல்

விதவிதமான பாறைகளைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்க நடக்க எங்கே போகலாம் என்று கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். என்னைக் கேட்டால், இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்டில் உள்ள டெர்வென்ட் எட்ஜ் என்ற பாறை முகடுதான். ஃபேர்ஹோம்ஸில் வண்டியை நிறுத்திவிட்டு லேடிபவர் நீர்த்தேக்கத்தின் கிழக்குக் கரையோடு நடந்து, மேலேறி, முகட்டு வழியே வடக்கே போய், டெர்வென்ட் நீர்த்தேக்கத்துக்கு இறங்கித் திரும்பலாம். சுமார் 16 கிலோமீட்டர் வரும். நான் போனது மார்ச் தொடக்கத்தில்.

கரையோரப் பாதை சுலபம்தான். ஆனால் அந்தத் தண்ணீருக்கடியில் டெர்வென்ட் என்ற ஊரே இருக்கிறது என்று தெரிந்து நடப்பது அவ்வளவு சுலபமில்லை. 1940களில் நீர்த்தேக்கம் நிரம்பியபோது ஊர் மூழ்கியது. அதற்கு முன்பே கல்லறைகளைத் தோண்டி, இறந்தவர்களைப் பாம்ஃபோர்டுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டார்கள். தேவாலயக் கோபுரம் மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றது. 1947இல் அதையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2018 கோடையில் தண்ணீர் வற்றியபோது இடிபாடுகள் வெளியே தெரிந்தன.

மேலேறியதும் மரமே இல்லை. ஹெதர் புதர், செடிகொடிகள் மக்கி உண்டான கறுத்த பீட் மண், காற்று, அவ்வளவுதான். பாவுகல் போட்ட பாதையை விட்டு விலகினால் கணுக்கால் வரை புதையும். முதலில் வருவது வீல் ஸ்டோன்ஸ் என்ற பாறைக் கூட்டம். தூரத்திலிருந்து பார்த்தால் குதிரைகள் பூட்டிய கோச்சு வண்டி மாதிரியே இருக்கும். அடுத்து ஒயிட் டோர், அப்புறம் சால்ட் செல்லர். கழுத்து சிறுத்து, தலை பெருத்து, எப்படித்தான் விழாமல் நிற்கிறதோ என்று சுற்றிச் சுற்றி வந்தேன். 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஒரு பெரிய ஆறு கொண்டுவந்து கொட்டிய மணல்தான் இறுகி இந்தக் கல்லானது. மென்மையான அடுக்குகளைக் காற்றும் மழையும் பனியும் சீக்கிரம் அரித்துவிட, கெட்டியான அடுக்குகள் நிற்கின்றன. பாறையில் கையை வைத்துப் பாருங்கள்: அரிசி நொய் போலக் குவார்ட்ஸ் மணிகள் உள்ளங்கையில் நறநறக்கும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் திரிகைக்கல் செதுக்கியதும் இந்த வகைக் கல்லில்தான்.

கேக்ஸ் ஆஃப் பிரெட் பாறைகளுக்குப் பின்னால், காற்று படாத பக்கமாகப் போய் உட்கார்ந்தேன். பத்தடி தள்ளி ஒரு வெள்ளைக் குவியல்; மிச்சம் மீதிப் பனி என்றுதான் நினைத்தேன். அது கண்ணை இமைத்தது. மலைமுயல்! உடம்பு வெள்ளை, காது நுனி கறுப்பு, முகத்தில் மட்டும் கோடைக்கான பழுப்பு எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. இங்கிலாந்தில் இந்த முயல்கள் பீக் டிஸ்ட்ரிக்டில் மட்டும்தான் வாழ்கின்றன. பனி உருகிவிட்ட கரிய மண்ணில் அந்த வெள்ளை அதற்கே எதிரி என்பது பார்க்கவே கஷ்டமாக இருந்தது. நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு க்ரௌஸ் பறவை கரகரவென்று கத்திக்கொண்டு எழும்பியதும், முயல் நாலு தாவலில் மறைந்துவிட்டது.

538 மீட்டர் உயர பேக் டோர் உச்சி வரை போய்விட்டு லாஸ்ட் லேட் குன்று வழியாக இறங்கினேன். நல்ல மழைக்குப் பிறகு போனால் டெர்வென்ட் அணையின் முகப்பு முழுக்கத் தண்ணீர் வழிவதைப் பார்க்கலாம். அதற்காகவே ஃபேர்ஹோம்ஸுக்கு வருகிறவர்களும் உண்டு.

போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: படம் எடுப்பதற்காகச் சால்ட் செல்லர் மேல் ஏறாதீர்கள், அந்தக் கழுத்து தேய்ந்துகொண்டேதான் இருக்கிறது. மார்ச் முதல் ஜூலை வரை பறவைகள் தரையில் கூடு கட்டும் காலம். நாயைக் கூட்டிப்போனால் கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள்.