காலண்டரில் மோதும் மீட்டிங்குகள்: ஸ்கிரிப்ட் வைத்துப் பிடித்தவர்கள் சொல்லுங்கள்

ஓஎம்ஆர் வாசி:

சென்னையில் உட்கார்ந்துகொண்டு லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வேலை பார்க்கும் டீம் எங்களுடையது. செவ்வாய்தோறும் இரண்டு கால். லண்டன் கால் அவர்கள் நேரப்படி மதியம் 1.30, நியூயார்க் கால் அங்கே காலை 9.30. குளிர்காலத்தில் நமக்கு அது இரவு 7, 8. கோடையில் 6, 7. எப்படியும் ஒரு மணி நேரம் இடைவெளி இருக்கிறதே என்று யாரும் கண்டுகொள்வதில்லை.

வில்லங்கம் மார்ச்சில் வரும். கோடை நேரத்துக்காக அமெரிக்கா இரண்டாவது ஞாயிறே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடும், பிரிட்டன் கடைசி ஞாயிறுதான் தள்ளும். 2025-இல் மார்ச் 9, மார்ச் 30. நடுவில் வரும் மூன்று செவ்வாயும் இரண்டு காலும் இரவு 7 மணிக்கே வந்து நிற்கும். அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் திரும்பவும் இதே கூத்து. நம் ஊரில் கடிகாரத்தை யாரும் தொடுவதில்லை, அடி மட்டும் நமக்கு.

காலண்டரைத் திறந்தால் மோதல் தெரியும்தான். ஆனால் அந்த வாரத்தைத் திறப்பதே செவ்வாய்க்கிழமைதான். அதற்குமேல் யாரிடம் போய் நேரத்தை மாற்றச் சொல்வது? அதனால் கூகுள் காலண்டர், மெயில் போன்றவற்றைத் தானாக இயக்க உதவும் கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் ஒரு சின்ன புரோகிராம் எழுதி, தினமும் காலையில் தானாக ஓடும்படி டிரிகர் வைத்தேன். அடுத்த ஆறு வார மீட்டிங்குகளை எடுத்து, தொடங்கும் நேரப்படி அடுக்கி, மோதுவதை மெயிலில் அனுப்பும்.

கணக்கு எளிது. ஒன்று முடிவதற்குள் மற்றது தொடங்கினால், இரண்டு பக்கமும் அப்படியே இருந்தால், மோதல். 'அல்லது சமம்' சேர்க்கக் கூடாது, சேர்த்தால் 10.30-க்கு முடிவதும் 10.30-க்குத் தொடங்குவதும் மோதலாகிவிடும். பக்கத்தில் இருப்பதோடு மட்டும் ஒப்பிட்டாலும் போதாது. 10 முதல் 1 வரை பயிற்சி, 10.30-க்கு அரை மணி மீட்டிங், 12-க்கு இன்னொன்று என்று வையுங்கள். 12 மணி மீட்டிங் தனக்கு முந்தையதோடு மோதாது, பயிற்சியோடு மோதும். அதுவரை பார்த்ததில் எது கடைசியாக முடிகிறதோ அதைக் கையில் வைத்துக்கொண்டே போக வேண்டும்.

எதை மோதல் என்று எண்ணுவது என்பதில்தான் நிறைய நேரம் போனது. பிறந்தநாள் மாதிரி முழுநாள் நிகழ்வை விட்டுவைத்தால் அன்றைக்கு எல்லாமே மோதும். வரவில்லை என்று பதில் சொன்ன மீட்டிங்கையும் கழிக்க வேண்டும். லீவ் மட்டும் முழுநாளாக இருந்தாலும் கணக்கில் வர வேண்டும்; அதற்குத் தலைப்பில் 'லீவ்' என்று இருக்கிறதா என்று பார்க்கிறேன். கொஞ்சம் முரட்டு வழிதான், ஓடுகிறது.

பிப்ரவரி தொடக்கத்திலேயே மெயில் வந்துவிட்டது. அதையே லண்டனுக்கு ஃபார்வர்ட் செய்தேன். அந்த மூன்று வாரம் மட்டும் 12.30-க்கு மாற்றிக்கொண்டார்கள்.

லேப் பொறுப்பு:

நான் கல்லூரி லேப் அட்டவணைக்கு பைத்தானில் எழுதியது. காலண்டரை ஏற்றுமதி செய்தால் கிடைக்கும் ஐசிஎஸ் ஃபைலை புரோகிராமில் படிப்பவர்கள் கவனியுங்கள்: வாராவாரம் வரும் வகுப்பு அதில் ஒரே பதிவாகத்தான் இருக்கும், கூடவே எப்போதெல்லாம் திரும்ப வரும் என்று சொல்லும் ஆர்ரூல் (RRULE) என்று ஒரு வரி. அதை ஒவ்வொரு வாரத்துக்கும் தனித்தனித் தேதியாக விரிக்காவிட்டால் முதல் வாரத்தோடு சரி, அப்புறம் எதுவும் சிக்காது. ஒரு நாள் வகுப்பை மட்டும் தள்ளிப்போட்டால், அது அதே அடையாளத்தோடு தனிப் பதிவாக வரும். பழைய நேரத்தை எடுத்துவிடாமல், அரை மணிதான் தள்ளியிருந்தால், வகுப்பு தன்னோடு தானே மோதும்! முழுநாள் நிகழ்வில் முடிவுத் தேதி சேராது என்பதும் முக்கியம். 14, 15 லீவ் என்றால் ஃபைலில் முடிவு 16 என்றுதான் இருக்கும்.

தாம்பரம்:

எனக்குக் களப்பணி. 11-க்கு அண்ணா நகர், 11.30-க்கு தாம்பரம் என்று போட்டுவைப்பார்கள். நேரம் மோதவில்லை என்று எந்த ஸ்கிரிப்டும் பேசாமல் போய்விடும். ஜிஎஸ்டி ரோட்டில் ஒருநாள் நின்று பார்த்தால் தெரியும். இடம் மாறினால் முடியும் நேரத்தோடு ஒன்றரை மணி நேரம் கூட்டிவிட்டு அப்புறம் ஒப்பிடச் சொல்லியிருக்கிறேன். எங்கள் மேனேஜருக்கு அந்த மெயில் பிடிக்கவில்லை.