தேன் பாட்டில் அனுப்ப எதை நம்பலாம்?

வணக்கம். மார்த்தாண்டம் பக்கத்தில் இருந்து தேன் அனுப்புகிறேன், பெரும்பாலும் சென்னைக்கும் கோவைக்கும். இதுவரை ஒரு தனியார் கூரியரில்தான் போட்டு வந்தேன். போன வாரம் ஒரு பார்சல் நாகர்கோவிலைத் தாண்டியதா இல்லையா என்றே தெரியாமல் ஐந்து நாள் டிராக்கிங்கில் ஒரே வரி நின்றது, அப்புறம் திடீரென்று 'வீடு பூட்டியிருந்தது' என்று காட்டியது, ஆனால் தேன் கேட்டிருந்த அக்கா அன்று முழுக்க வீட்டில்தான் இருந்திருக்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றதுதான் பெரிய கஷ்டம்.

ஸ்பீடு போஸ்ட்டுக்கு மாறலாமா? 'ஐஎன்' என்று முடியும் அந்த 13 இட எண்ணை வைத்துப் பார்த்தால் நிலவரம் உடனுக்குடன் வருகிறதா? குழித்துறை, தக்கலை, கருங்கல் பக்கம் இருந்து அனுப்புகிறவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று, பல கூரியர்களில் நீளம், அகலம், உயரத்தை செ.மீ. கணக்கில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, உண்மை எடையைவிட அது கூடினால் அதற்குத்தான் காசு வாங்குகிறார்கள். பாட்டில் உடையாமல் இருக்க தேங்காய் நார் வைத்துக் கட்டினால் பெட்டி பெரிதாகிவிடுகிறது. சின்னப் பெட்டியில் உடையாமல் அனுப்ப வழி தெரிந்தவர்கள் படம் போட்டால் ரொம்ப உதவியாக இருக்கும். பார்சல் காணாமல் போய் இழப்பீடு வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?